அரளியா?

அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. வித்தியாசம் ஓர் எழுத்துத்தான். அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் பதிவேடு எழுதிய யாரோ ஒருவர் தன் காதில் விழுந்ததை எழுதினார். பல வருடம் கழித்து அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிய இன்னொருவர் தன் காதில் விழுந்ததை எழுதினார். இந்த இரண்டு காதுகளுக்கும் நடுவே அவர் ஐம்பத்தைந்து வயது வரை வாழ்ந்திருந்தார். எந்தப் பெயரை நான் இங்கே எழுதினாலும் அவர் "எது?" என்று கேட்பார். ஆகவே ஒன்றையும் எழுதவில்லை.

"எது?" என்பதுதான் அவருடைய சொல். இருமலைப் போல அது வந்துகொண்டே இருக்கும். சிங்களம் பேசும்போது "கோகத?" என்பார், பொருள் ஒன்றுதான். பதுளை பஸ் நிலையத்திலிருந்து மேட்டுப் பாதை ஏறத் தொடங்கும் திருப்பத்தில் ஒரு மருந்துக்கடையை ஒட்டி அவருடைய பூக்கடை இருந்தது. ஆறடி அகலம் இருக்கும். "லுணுகலை பஸ் போயிருச்சாம்மா?" என்று யாராவது ஓடிவந்து கேட்டால், "எது? அரசாங்க பஸ்ஸா, பிரைவேட்டா?" என்பார். "மேரிக்கு மேலுக்கு முடியலயாம்" என்றால், "எந்த மேரி? தையக்கார மேரியா, லீலாவோட மாமியாரா?" பதில் வரும்வரை முகத்தில் இரக்கமோ கவலையோ எதுவும் தோன்றாது. ஆள் யார் என்று உறுதியான பிறகுதான் "அடக் கடவுளே" என்பார்.

"போன மாசம் வந்தேனே" என்று ஒருவர் சொல்ல, "கலண்டர் மாசமா, நம்ம மாசமா?" என்று அவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அன்றுதான் அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. நான் தேதிகளோடு வாழ்கிறவன். வடக்கிலிருந்து மாற்றலாகி, மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் வந்து, பதுளையிலேயே இருபது வருடங்களைக் கழித்த ஓர் எழுதுவினைஞன். வேலை, பிறப்பு இறப்புப் பதிவுகளோடு. மாலையில் புத்தகம். சட்டைப் பையில் எப்போதும் நாட்குறிப்பு. நாள், நேரம், மழையா வெயிலா, யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கன்றே எழுதிவிடுவேன். "கிளாக்கரய்யா எல்லாத்தையும் எழுதிருவாரு, அவருகிட்ட பாத்துப் பேசுங்க" என்று கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஆனால் அலுவலகத்தில் என் கருமபீடத்துக்கு அவர் பெயர்த் திருத்தத்துக்காக வந்த அன்று நான் அவரை மதிக்கவில்லை. திங்கட்கிழமை, வரிசை வாசல்வரை நின்றது.

"ஒரு எழுத்துத்தானே அக்கா. இதால ஒண்டும் வராது" என்றேன்.

"ஒரு எழுத்துல நான் வேற ஆளா ஆயிர்றேன்ங்க ஐயா. அந்த வேற ஆளு செத்துப்போனா என்னையும் சேத்துப் பொதச்சிருவீங்களா?"

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பக் கோப்பை வாங்கிக்கொண்டேன்.

"பழசு என்னாகும்? அழிச்சிருவீங்களா?"

"பதிவேட்டில ஒண்டையும் அழிக்கேலாது அக்கா. பிழையை அப்பிடியே விட்டுட்டு, பக்கத்தில சரியானதை எழுதிக் கையெழுத்து வைப்பம்."

அந்த விதி அவருக்குப் பிடித்துவிட்டது. "அது சரி. தப்பு தப்பாவே இருக்கட்டும். பக்கத்துல சரி இருந்தாப் போதும்" என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டே போனார். கோப்பை மேலே அனுப்பினேன். ஆவணம் போதாது என்று இரண்டு முறை திரும்பி வந்தது.

அவர் கடையில் இரண்டு கூடைகள் இருக்கும். வலப்பக்கம் கோயிலுக்கு, இடப்பக்கம் புத்த விகாரைக்கு. கோயில் கூடையில் செவ்வரளி, மல்லிகை, துளசி. விகாரைக் கூடையில் தாமரை மொட்டு, அல்லி, அரலியா. நடுவில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பேசினும், அதன் விளிம்பில் ஒரு துண்டுச் சவர்க்காரமும். அரளியைத் தொட்ட கையால் அரலியாவைத் தொடமாட்டார். கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்த கூடை. மற்றப் பூக்காரர்கள் வாழைநாரைப் பல்லால் கடித்து இழுப்பார்கள். இவர் பழைய சவர அலகால் அறுப்பார். சாப்பிடப் பாண் துண்டைக் கையில் எடுக்க முன் இரண்டு முறை சவர்க்காரம் போடுவார். மழைநாளில்கூட இதில் மாற்றமில்லை.

இங்கே பெயர்களைத் தெளிவாக்கிவிட வேண்டும். கோயில் வேலியோரம் நிற்கும், ஒடுங்கிய இலையும் சிவப்புப் பூவும் கொண்ட செடியை மலையகத்தில் அரளி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது அலரி. சிங்களத்தில் கணேரு. விகாரை முற்றத்தில் நிற்கும், வெள்ளை இதழும் மஞ்சள் தொண்டையுமான பூமரம் வேறு. அதற்குச் சிங்களத்தில் அரலிய என்று பெயர். தோட்டத்து மக்கள் அந்தப் பெயரையே வாங்கி அரலியா என்று நீட்டிக்கொண்டார்கள். முதலாவதில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாம் நஞ்சு. உள்ளே போனால் நெஞ்சுத்துடிப்பைக் குழப்பும். இரண்டாவதின் பால் பட்டால் தோல் கொஞ்சம் அரிக்கும். விகாரைக்கு வரும் பிள்ளைகள் அதைக் காதில் செருகிக்கொண்டு ஓடித்திரிவார்கள்.

இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்று ஒரு புத்தகத்தில் வாசித்துவிட்டு, அதை அவரிடம் சொல்லிப் பெருமைப்பட ஒரு வியாழக்கிழமை மதியம் போனேன்.

"சொந்தம்னு எனக்குத் தெரியும்ங்க. தூரத்துச் சொந்தம்" என்றார். இரண்டிலும் விரியாத மொட்டு ஒவ்வொன்றை எடுத்து, நடுவில் கை கழுவி, என் முன் நீட்டினார். "முறுக்கப் பாருங்க." இரண்டு மொட்டுகளும் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தன. விரிந்ததும் ஐந்து இதழ்களும் காற்றாடி மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். "மொகம் ஒண்ணு. ஆனா கொணம் வேற. எலய ஒடிச்சா அரலியா பாலாக் கொட்டிரும், மறைக்கத் தெரியாது. அரளிய ஒடிச்சா சும்மா கொஞ்சம் கசியும். ஒண்ணுமில்லாத மாரி இருக்கும்."

நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டேன். அரளி இலை ஒரு கணுவில் மூன்றாக நிற்கும். அரலியா இலை கிளை நுனியில் கொத்தாகக் கூடும். அதன் நரம்புகள் ஓரத்துக்குப் போய் ஒரே கோட்டில் சேர்ந்துகொள்ளும். அரளிப் பூவின் தொண்டையில் கிழிந்த விளிம்புபோல ஒரு குஞ்சம் உண்டு. அரலியாவின் தொண்டை வழுவழுப்பு. இவை புத்தகத்திலும் இருந்தன. அவர் சொன்னவை புத்தகத்தில் இல்லை: அரளி செடியிலேயே வாடி நிற்கும், அரலியா வாடும் முன்பே முழுப் பூவாகக் கழன்று விழும். ஆடு அரலியாவில் இரண்டு கடி கடித்துப் பார்க்கும், அரளியை மோந்துவிட்டுப் போய்விடும். "ஆடு பேரக் கேக்கிறதில்ல. அதுனாலதான் பொழைக்குது" என்றார்.

அவர் கிறிஸ்தவர். ஞாயிறு கடை பூட்டு. கோயில் பூசகர் ஒருநாள் மாலை வாங்க வந்தவர், "ரெண்டு பக்கத்துச் சாமிக்கும் பூ விக்கிற. ஒங்க சாமிக்கு என்னம்மா?" என்று சீண்டினார்.

"எங்க சாமிக்கு மெழுகுவத்தி, பூசாரி. அதுல ஒரு சாதிதான். தப்பாக் கேட்டு வாங்க வழியில்ல."

அவரைப் பற்றிச் சிரிப்போடு நான் எழுதி வைத்தவை எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்திய பக்கங்களில்தான் இருக்கின்றன.

பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற வருடம். பாதி பஸ்கள் ஓடவில்லை. அன்று காலை பத்து மணிக்கு, வாராந்த வேலையாகப் பிறப்பு அறிவித்தல் படிவங்களை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது தேவையில்லை, தவறு அதனுடையதல்ல. தமிழ் தெரிந்த தாதி பஸ் கிடைக்காமல் வந்துசேரவில்லை. வெளிநோயாளர் அறையிலிருந்த இளம் சிங்கள வைத்தியருக்கு என் முகம் பழக்கம். "ஐயா, ஒரு நிமிடம் உதவுங்கள்" என்று கூப்பிட்டார். எனக்குச் சந்தோசம். என் சிங்களத்தை எல்லாரும் மெச்சுவார்கள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் கொழுந்து எடுக்கும் பெண். நாற்பது வயதிருக்கும். கணவன் தோளைப் பிடித்து உட்கார வைத்திருந்தான். தோட்டத்து லொறியில் வந்திருந்தார்கள்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"விடியக்கால இருந்து வாந்திங்க. தல சுத்துது. பாக்குறதெல்லாம் ஒரு மாரி மஞ்சளாத் தெரியுதுங்க."

வாந்தி, தலைச்சுற்று என்று வைத்தியரிடம் சொன்னேன். மஞ்சளை விட்டுவிட்டேன். களைத்தவர்கள் அப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

கணவன் முந்திக்கொண்டான். "முட்டி வீங்கியிருந்துச்சுங்க ஐயா. ரோட்டுக் கடை சிங்கள நோனா ஏதோ எலய அவிச்சுக் கட்டச் சொன்னிச்சாம். இவ அந்தத் தண்ணியக் குடிச்சிருக்கா."

"கட்டவும் கட்டுனேன்" என்றாள் அவள், அந்த நிலையிலும் ரோசத்தோடு. "மிச்சத் தண்ணிய ஊத்த மனசு வரல. கொஞ்சந்தான்."

"என்ன இலை?"

"அரளிங்க."

"அரளியா?"

"ஆமாங்க."

வைத்தியர் நோயாளி அட்டையிலிருந்து தலைநிமிர்ந்தார். "அரலியத?" என்றார். அரலியாவா என்று அர்த்தம். நான் தமிழில் கேட்ட கேள்வி அவர் காதில் ஒரு பூவின் பெயராக விழுந்திருந்தது. "ஆமா" என்ற சொல்லும் அவருக்குத் தெரியும். என் பக்கம் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

எப்படி ஆட்டினேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நான் பிறந்த வீட்டில் அந்தச் செடி அலரி. அரளி என்ற சொல்லை நூறு புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு தோட்டத்துப் பெண்ணின் வாயிலிருந்து அது வந்தபோது, சிங்களச் சொல்லைத்தான் தன் பாணியில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருந்த நாட்குறிப்பு அப்போதும் சட்டைப் பையில் இருந்தது.

வைத்தியர் முகம் தெளிந்தது. தன் தாயாரும் வீக்கத்துக்கு அரலிய இலை கட்டுவார், குடித்ததால் வயிறு குழம்பியிருக்கும், உப்புநீர் கொடுத்து வாங்குப் பலகையில் படுக்க வையுங்கள், பின்னேரம் பார்ப்போம் என்றார். அட்டையில் சிங்களத்தில் எழுதினார். பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன். அரலிய. எழுத்துப் பிழை இல்லை.

படிவங்களோடு இறங்கி வந்து பூக்கடை நிழலில் நின்றபோது பதினொன்று நாற்பது. நாட்குறிப்பை எடுத்து எழுதினேன்: "ஸ்பிரிங்வெளிப் பெண். அரலியா இலைத் தண்ணீர் குடித்தாள். பயமில்லை." பிறகு, மாலை கட்டிக்கொண்டிருந்த அவரிடம் ஒரு வேடிக்கையைப் போலச் சொன்னேன்.

"உங்கட அரலியாவை ஒரு பொம்பிளை அவிச்சுக் குடிச்சிட்டு வந்திருக்கு அக்கா."

"எது?"

"அரலியா எண்டு சொல்லுறனே."

"நீங்க சொல்றது இருக்கட்டும். அந்தப் பொம்பள வாயில என்ன வந்துச்சு?"

"அரளி எண்டாள். நான் அரளியா எண்டு கேட்டன். ஓம் எண்டாள்."

நாரை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. "டாக்டரு என்ன கேட்டாரு?"

"அரலியவா எண்டு."

"நீங்க?"

நான் கையிலிருந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அவர் எழுந்தார். வலப்பக்கக் கூடையிலிருந்து இலையோடு ஒரு செவ்வரளிக் கொத்து, இடப்பக்கக் கூடையிலிருந்து ஓர் அரலியாப் பூ. அன்றுதான் முதல் முறையாக அவர் நடுவில் கை கழுவாததைக் கண்டேன். கடையை அப்படியே போட்டுவிட்டு மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினார். முச்சக்கரவண்டி ஒன்றுகூட இல்லை. நான் பின்னால் ஓடினேன். பாதி வழியில் என் படிவங்கள் சிதறின. பொறுக்கக் குனிந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல், "பேப்பரு சாவாது, வாங்க!" என்றார்.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். பார்வையாளர் நேரம் பன்னிரண்டுக்குத்தான். அதோடு பூக்களை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. அவர் சிங்களத்தில் விளக்கத் தொடங்கி மூச்சு வாங்கி நிறுத்தினார். "விற்கிறதை வாசலில் விற்கலாமே அக்கா" என்று காவலாளி சிரித்தார். நான் அலுவலக அட்டையைத் தேடினேன். மேல்சட்டைப் பையில் இல்லை. கீழ்ப் பையில் இருந்தது. அந்த இரண்டு பைகளுக்கும் இடையே எவ்வளவு நேரம் போனது என்று, நேரம் எழுதுவதையே பழக்கமாகக் கொண்ட என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண் வாங்கில் கணவன் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். "தூங்குறா" என்றான் அவன், நல்ல செய்தியைப் போல.

அவர் தரையில் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏ புள்ள, கண்ணத் தொற. எது? எதக் குடிச்ச?"

கண் திறந்தது. பார்வை இரண்டு பூவுக்கும் நடுவில் எங்கோ நின்றது. கை உயர்ந்து, வெள்ளைப் பூவின் பக்கம் போவதுபோலப் போய், பாதியில் விழுந்தது.

"தொட்டுக் காட்டு. பேரு வேணாம். தொடு."

மறுபடியும் கை எழுந்தது. விரல் அரளி இலையில் பட்டது. "இதுங்க. கோயிலு வேலில நிக்குமே..."

அவர் வெள்ளைப் பூவை வாங்கில் வைத்தார். சிவப்புக் கொத்தோடு அறைக்குள் போனார். வைத்தியரின் மேசையில், அந்த அட்டையின் மேல், எழுதியிருந்த சொல்லை மறைத்தபடி அதை வைத்தார்.

"கணேரு!" என்றார் வைத்தியர். அவர் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

பிறகு நடந்தவற்றை நான் வாசலில் நின்று துண்டு துண்டாகப் பார்த்தேன். தள்ளுவண்டி வந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். கரித்தூள் கரைத்த கறுப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். நாடி மிகவும் தாழ்ந்துவிட்டது என்று ஒரு தாதி இன்னொருவரிடம் சொன்னார். பார்வை மஞ்சளாவது இந்த நஞ்சின் அறிகுறி என்பதும் அப்போதுதான் என் காதில் விழுந்தது. என்னைக் கடந்து ஓடும்போது வைத்தியர் ஒரு கணம் நின்றார். "நீங்கள்தானே தலையாட்டினீர்கள்?" என்றார் சிங்களத்தில். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்க் கதவை மூடினார்கள்.

பூக்கடைக்காரர் முற்றத்துக் குழாயில் கை கழுவினார். சவர்க்காரம் இல்லாததால் மண்ணைப் போட்டுத் தேய்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கு வேணுமெண்டு இல்லை அக்கா... தெரியாமல்..."

"தெரியாட்டி கேக்கலாம்ங்க ஐயா. ஒங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குன்னு அந்தப் பச்சப் புள்ள டாக்டருக்கு எப்படித் தெரியும்? நீங்க தலையாட்டுனா அவரு நம்பத்தானே செய்வாரு."

மூன்று நாள் அவளுடைய நெஞ்சு சரியாக நடக்கவில்லை. என் நாட்குறிப்பில் அந்த மூன்று நாளுக்கும் வானிலை இல்லை. காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கியதுதான் இருக்கிறது. இறங்கும்போது பூக்கடையைக் கடக்காமல் போக வேறு வழியில்லை. அவர் நிமிர்ந்து பார்ப்பார். நான் "அப்பிடியேதான்" என்பேன். அவர் குனிந்துகொள்வார். அந்த மூன்று நாளும் அவர் என்னிடம் "எது?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காம் நாள், வெள்ளி, கஞ்சி குடித்தாள் என்று சொன்னேன். "என்ன கஞ்சி?" என்றார். தெரியாது என்றேன். தலையசைத்தார். அது எனக்குக் கிடைத்த மன்னிப்பு என்று அன்று எழுதி வைத்தேன். அவசரப்பட்டு எழுதியது.

அடுத்த புதன்கிழமை பகல் நான் அவர் கடையில் நின்றபோது, அந்தப் பெண்ணும் கணவனும் பாதையைக் கடந்து வந்தார்கள். அவள் மெலிந்திருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். பூக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இனிமே எலப் பேரக் கேட்டுக்கிட்டுப் போகாத. எலயக் கேட்டு வாங்கிப் பாரு. வெளங்குதா?" என்று அவர் அதட்டினார். "ஊத்த மனசு வரலயாம்! அடியே, உயிர ஊத்தப் பாத்தியே!"

அவள் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். கணவன் பையிலிருந்து ஒரு தேயிலைத்தூள் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"ஐயாதாங்க பெரிய உதவி. டாக்டருகிட்ட எங்க பாஷைய எடுத்துச் சொல்ல அன்னைக்கு ஐயா மட்டும் இல்லேன்னா இவ இப்ப இல்லீங்க."

நான் பூக்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அரளி மொட்டுகளை இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு. அவர் ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறார் என்பது விளங்கியது. கணவனின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். "பரவாயில்லை, பரவாயில்லை" என்றேன்.

அந்தத் தூளைக் குடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். குடித்தேன். நல்ல தூள்.

அவர்கள் போன பிறகு அவர் நாரை அறுத்தார். பேசினில் கை கழுவினார். துடைத்தார்.

"இதையும் எழுதுவீங்கல்ல ஐயா? எல்லாத்தையும் எழுதுவீங்கன்னு சொல்லுவாங்களே."

"எழுதுவன்."

"எது?"

குரல் ஏறவில்லை. லுணுகலை பஸ்ஸைக் கேட்பது போலத்தான் கேட்டார். நான் தேயிலைப் பொட்டலத்தை மறுகைக்கு மாற்றினேன். அப்போது விகாரைக்குப் போகும் ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர் "கோகத?" என்று அவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்றைய பதிவு இப்படி இருக்கிறது: "ஸ்பிரிங்வெளிப் பெண் குணமாகி வந்தாள். தேயிலை தந்தார்கள். வெயில்." இதில் ஒரு பொய்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவரிடம் நான் போனது குறைந்தது. போனாலும் முன்போலப் பேசுவார். கோபம் காட்டியதே இல்லை. கூடைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் புதிதாக வந்தது. ஒரு பலகைத் துண்டில் ஒரு பக்கம் அரளி இலையையும் மறுபக்கம் அரலியா இலையையும் ஒட்டித் தொங்கவிட்டிருந்தார். பெயர் எதுவும் எழுதவில்லை. அரளி இலைக்குக் கீழே மட்டும் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி. இலை காய்ந்து உதிரும்போதெல்லாம் புதிது ஒட்டுவார்.

அடுத்த வருடம் மழை தொடங்கும் முன் மகளோடு இருக்க வத்தளைக்குப் போய்விட்டார். எனக்குச் சொல்லவில்லை. கடை பூட்டியிருந்த மூன்றாம் நாள் மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். இப்போது அந்த ஆறடியில் கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. அவருடைய பெயர்த் திருத்தக் கோப்பு மூன்றாம் முறையும் திரும்பி வந்தது. விண்ணப்பதாரி எந்தப் பெயரை உறுதிப்படுத்துகிறார் என்று கேட்டு, பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கேட்டு எழுத ஆள் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அது என் மேசையில் இருந்தது.

போன வாரம் அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் வரி அப்படியே இருந்தது. கையெழுத்து நல்ல தெளிவு. அழிக்கவில்லை, கோடு கிழிக்கவும் இல்லை. பதிவேட்டு விதிப்படி பக்கத்து ஓரத்தில் எழுதினேன்: "அரலியா அல்ல, அரளி. 'அரளியா?' என்று கேட்டவனும், அரலியா என்று தலையாட்டியவனும் நான். கண்டுபிடித்தவர் பூக்கடைக்காரர். தேயிலையும் நன்றியும் அவருக்கு உரியவை."

கீழே கையெழுத்து வைத்தேன்.